வீணை பாலச்சந்தர்: பிணக்குகளோடும் நினைவுகூர வேண்டிய கலைஞர்

சிட்னியிலோ மெல்பேர்ணிலோ தமிழ்க் கலைஞர் ஒருவர் மறைந்தால், அதன்பின் நடப்பவை பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைந்துவிடுகின்றன. வானொலியில் மரண அறிவித்தல் ஒலிக்கும். முப்பத்தோராம் நாள் நினைவு மலர் வெளிவரும். மண்டபத்தில் அன்னாரின் உருவப்படத்துக்கு மாலை அணிவித்து, குத்துவிளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தியபின் உரைகள் தொடங்கும். ஈடுசெய்ய முடியாத இழப்பு, பழகுவதற்கு இனியவர், எல்லோரையும் அரவணைத்தவர் என்ற சொற்கள் எந்தக் கலைஞருக்கும் பொருந்தும்படி முன்கூட்டியே தயாராக இருக்கும்.

மறைந்தவர் உண்மையிலேயே எல்லோரையும் அரவணைத்தவராயின் இதிற் குறையொன்றுமில்லை. ஆனால் கையில் அபாரத் திறமையும் நாவில் அடங்காத கோபமும் கொண்டு வாழ்ந்தவர் மறையும்போதுதான் சிக்கல் எழுகின்றது. அவரோடு பத்தாண்டுகள் முகங்கொடுத்துப் பேசாதவர் மேடையிலேறிப் புகழ்மாலை சூட்டுகிறார். அவருக்காகப் பலரோடு பகைத்துக்கொண்ட நண்பரோ வாய் திறவாமற் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சிலர் மண்டபத்துக்கே வருவதில்லை. உரைகள் முடிந்து சிற்றுண்டி பரிமாறப்படும் வேளையில், படத்தில் இருப்பவரும் உரைகளில் வந்தவரும் வெவ்வேறு மனிதர்களாகி விடுகின்றனர்.

இத்தகைய கலைஞரின் நண்பர்களுக்கு இறப்பின் பின்னர் ஒரு கடமை எஞ்சியிருக்கின்றது. அவரது குறைகளுக்கு வெள்ளையடிப்பது அக்கடமையன்று. குறைகளைக் காரணங்காட்டி அவரது இசையைக் கைவிடுவதும் அன்று. இசையையும் பிணக்கையும் ஒருசேரச் சாட்சியமாக்கி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே அக்கடமை. தமிழிசை உலகில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு வீணை எஸ். பாலச்சந்தர்.

1927ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் சென்னையிற் பிறந்த பாலச்சந்தருக்கு வீணையைக் கற்பித்த குரு எவரும் இல்லை. 1934இல் வெளியான சீதா கல்யாணம் திரைப்படத்தில் அவரது அண்ணன் எஸ். ராஜம் இராமனாக நடித்தார். சிறுவன் பாலச்சந்தர் இராவணனின் சபையில் கஞ்சிரா வாசிப்பவனாகத் தோன்றினான். கஞ்சிரா, தபேலா, ஹார்மோனியம், சிதார் என்று கைக்கெட்டிய கருவிகளையெல்லாம் தாமே பயின்று, இறுதியில் வீணையிடம் வந்துசேர்ந்தார். வீணைக்கு ஏழு தந்திகள், இருபத்துநான்கு மெட்டுகள். ஒரே மெட்டில் விரலை நிறுத்தித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, பல சுரங்களை அறுபடாமல் ஒலிக்கச் செய்வது அவருடைய தனிச்சிறப்பு. விரைவைக் காட்டிக் கைதட்டல் வாங்குவதிலும், ஒரு சுரத்தின் கார்வை முழுதாக அடங்கும்வரை காத்திருப்பதிலேயே அவர் நிறைவு கண்டார். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களையும் வாசித்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டார். அவரிடம் பயின்றவர்களுள் ஜெயந்தி குமரேஷும் ஒருவர். 1982இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதோ இறுதிவரை அவருக்குக் கிட்டவில்லை.

திரைத்துறையிலும் அவர் தடம் பதித்தவர். அவர் இயக்கி 1954இல் வெளியான அந்த நாள் திரைப்படத்தில் ஒரு பாடல்கூட இல்லை. பாடல்களின்றித் தமிழ்ப் படமே இல்லையென்றிருந்த காலத்தில், இசைக்கலைஞர் ஒருவரே அதைச் செய்து காட்டினார். அவனா இவன் (1962), பொம்மை (1964), நடு இரவில் (1970) ஆகியவையும் அவர் இயக்கியவையே. கே. ஜே. ஜேசுதாஸ் தமிழிற் பாடிய தொடக்ககாலப் பாடல்களுள் ஒன்று பொம்மை படத்தில் இடம்பெற்றது.

இவ்வளவையும் சொல்லி நிறுத்திவிட்டால் நினைவஞ்சலி உரை நிறைவுபெற்றுவிடும். பாலச்சந்தர் என்ற மனிதர் நிறைவுபெற மாட்டார்.

அவர் சண்டைக்காரர். எது சரி, எது பிழை என்பதில் எதிரே நிற்பவர் எவரென்று பார்க்காதவர். 1980களில் அவர் தொடுத்த இரண்டு போர்கள் கர்நாடக இசையுலகையே இரண்டுபடச் செய்தன. முதலாவது, எம். பாலமுரளிகிருஷ்ணாவுடன். பாலமுரளி மகதி, லவங்கி போன்ற இராகங்களைத் தாம் படைத்ததாகக் கூறிவந்தார். மகதியில் நான்கே சுரங்கள். இத்தனை குறைந்த சுரங்களில் இராகம் என்ற உரு அமையுமா, ஒரு தனிமனிதர் இராகத்தைப் படைத்ததாக உரிமை கோரலாமா என்று பாலச்சந்தர் கடுமையாக எதிர்த்தார். இரண்டாவது, செம்மங்குடி சீனிவாச ஐயர் போற்றிப் பரப்பிய சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் பற்றியது. 1813 முதல் 1846 வரை வாழ்ந்த அத்திருவிதாங்கூர் மன்னர் வாக்கேயக்காரர் என்பதையே பாலச்சந்தர் மறுத்தார். இசையுலகின் பெரியவராக மதிக்கப்பட்ட செம்மங்குடியை அவர் பகிரங்கமாக எதிர்த்தமை பலரை அதிரவைத்தது.

இப்போது அப்போர்களை எவ்வாறு மதிப்பிடுவது? பாலமுரளியின் மகதி நிலைத்துவிட்டது. 1975இல் வெளியான அபூர்வ ராகங்கள் திரைப்படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் அதைக் கையாண்டமையால் அது பாமரரையும் சென்றடைந்தது. இந்த வழக்கிற் காலம் பாலச்சந்தரின் பக்கம் சாயவில்லை. ஆனாலும் இராகம் என்பது சுரங்களின் எண்ணிக்கையா, அன்றி வழிவழியாக வந்த பிடிகளின் தொகுப்பா என்ற அவரது வினா பொருளற்றதன்று. இசை மாணவர் எவரும் ஒருமுறையேனும் எதிர்கொள்ள வேண்டிய வினா அது.

சுவாதித் திருநாள் விடயத்தில் அவரது முடிவை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆயினும் இன்று பாடப்படும் அக்கீர்த்தனைகள் பலவற்றின் மெட்டுகள் முத்தையா பாகவதராலும் செம்மங்குடியாலும் இருபதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டவை என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. ஆக, அவர் எழுப்பிய ஐயத்துக்கு ஆதாரம் இருந்தது. அவர் சென்றடைந்த முடிவுக்கு அந்த ஆதாரம் போதவில்லை. அவரை வெறும் பொறாமைக்காரர் என்று ஒதுக்கியவர்களும், உண்மைக்காகப் போராடிய ஒரே வீரர் என்று கொண்டாடியவர்களும் இந்த நுட்பமான வேறுபாட்டைத் தவறவிட்டனர்.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாய் நகரில் பாலச்சந்தர் காலமானார். வயது அறுபத்துமூன்று. செம்மங்குடி 2003இலும் பாலமுரளி 2016இலும் மறைந்தனர். வாதியும் இல்லை, பிரதிவாதிகளும் இல்லை. பாலச்சந்தரின் வாழ்வை விரிவாக எழுதிய விக்ரம் சம்பத்தின் ஆங்கில நூல் 2012இல், அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே வெளிவந்தது. பத்திரிகைகளில் அச்சேறிய வாதங்களும் இசைத்தட்டுகளும் எஞ்சியிருந்தமையால் அவரை மதிப்பிடுவது இன்றும் இயலுகின்றது. அவை அழிந்திருந்தால், எவரோ சொன்ன வசையும் எவரோ சொன்ன புகழும் மாத்திரமே மிஞ்சியிருக்கும்.

அந்த நாள் படத்தின் கதையமைப்பே இங்கு நினைவுக்கு வருகின்றது. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகின்றது. அவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் கதையைச் சொல்கின்றனர். இறந்தவனின் உண்மையான இயல்பு, பண்டரிபாய் ஏற்ற அவன் மனைவியின் வாயிலாகவே இறுதியில் வெளிப்படுகின்றது. எவர் மிக நெருங்கியிருந்தாரோ அவருடைய சாட்சியமே மிகக் கடினமானதாகவும் இன்றியமையாததாகவும் அமைகின்றது. நண்பர்களின் நிலையும் இதுவே. பகைவர் சொன்னால் பழி என்பர், அயலார் சொன்னால் வம்பு என்பர். நேசித்த ஒருவர் சொல்லும்போதே குறையும் அதன் சரியான அளவிற் பதிவாகும்.

மௌனம் என்ன செய்யும் என்பதைச் சிட்னியின் வரலாறு காட்டுகின்றது. 1947இல் இங்கிலாந்தைச் சேர்ந்த யூஜின் கூசன்ஸ் சிட்னி சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநராகவும் நியூ சவுத் வேல்ஸ் இசைக் கல்லூரியின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். சிட்னிக்கு ஓர் ஒபரா மாளிகை வேண்டுமென்று வாதாடி, பெனலோங் முனையே அதற்கு உகந்த இடமென்று சுட்டியவரும் அவரே. 1956இல் ஆபாசப் படங்களைக் கொண்டுவந்ததாகச் சிட்னி விமான நிலையத்திற் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு நூறு பவுண் தண்டம் செலுத்தி, வேறு பெயரில் நாட்டைவிட்டு வெளியேறினார். 1962இல் இங்கிலாந்தில் மறைந்தார். 1973இல் ஒபரா மாளிகை திறக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை. அவரது வீழ்ச்சியும் பாலச்சந்தரின் பிணக்குகளும் ஒரே வகையானவையல்ல. ஆனால் ஒரு கலைஞரைப் பற்றிப் பேசுவது சங்கடமாகிவிட்டால், அவர் செய்த நற்பணியும் அந்தச் சங்கடத்தோடு சேர்ந்து மூடப்பட்டுவிடுகின்றது என்பது இரண்டுக்கும் பொதுவான பாடம்.

இதற்கு எதிரான பாடம் மெல்பேர்ணில் இருக்கின்றது. பிரைட்டனில் 1882இற் பிறந்த இசையமைப்பாளர் பேர்சி கிரேஞ்சர், மெல்பேர்ண் பல்கலைக்கழக வளாகத்தில் 1938இல் தமது பெயரிலேயே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவர் இனவுயர்வுக் கொள்கையில் ஊறியவர். அக்கொள்கை எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் தமது இசைக்குறிப்புகளோடு, தமக்கு இழுக்குத் தேடித்தரக்கூடிய கடிதங்களையும் அந்தரங்கப் பொருட்களையும் அவர் விட்டுச்சென்றார். அவற்றுட் சிலவற்றைத் தாம் இறந்து பத்தாண்டுகளின் பின்னரே திறக்கவேண்டுமென்று அறிவுறுத்தியிருந்தார். அதனால் இன்றைய ஆய்வாளர் அவரை அறிந்து பாராட்டவும் அறிந்து கண்டிக்கவும் முடிகின்றது.

புலம்பெயர் தமிழருக்கு இது பிறர் கதையன்று. 1983க்குப் பின்னர் அவுஸ்திரேலியாவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தவர்கள், அரங்கேற்றங்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்கள், மெல்லிசைக் குழுக்களை நடத்தியவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். சிலர் மறைந்துவிட்டனர். அவர்களுட் சங்கங்களோடு முரண்பட்டு வெளியேறியவர்களும் உண்டு, தனிவழியே பள்ளி நடத்தியவர்களும் உண்டு. அவர்களின் கச்சேரிகள் ஒலிநாடாக்களாக வீட்டு அலுமாரிகளிலும் கார் கொட்டகைகளிலும் கிடக்கின்றன. அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது: காந்த நாடாக்களில் உள்ளவற்றை 2025க்குள் எண்மிய வடிவுக்கு மாற்றாவிடின் பெரும்பகுதி மீட்க முடியாமற் போகலாம். அந்தக் கெடுவும் வந்துவிட்டது. நாடாவிற் காந்தத் துகளைப் பற்றி நிற்கும் பசை சிதைகின்றது. நாடாவை வாசிக்கும் கருவிகளும் அவற்றைத் திருத்துவோரும் அருகி வருகின்றனர்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. முதலில், ஒலிநாடாக்களை எறியாமல் ஈரமும் வெப்பமும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். மாற்றும்போது எம்பி3 ஆகச் சுருக்காமல், குறைந்தது 48 கிலோஹேட்ஸ், 24 பிட் தரத்தில் வேவ் கோப்பாகச் சேமித்தல் வேண்டும். ஒன்றுக்கு மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் வைத்தல் நன்று. யார் பாடியது, யார் வாசித்தது, எந்த மண்டபம், எந்த ஆண்டு என்ற விபரங்களைச் சேர்த்து எழுதாத ஒலிக்கோப்பு பெயரில்லாப் பிள்ளை போன்றது. 2005இல் தொடங்கப்பட்டு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மியமாக்கிவரும் நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளிடம் ஒரு பிரதியை ஒப்படைக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகம், தன் கையிலுள்ளதைத் தன் அசட்டையால் இழக்கலாகாது.

அடுத்தது, பிணக்குகளையும் பதிவு செய்தல். சங்கத்துக்கு எழுதிய காரசாரமான கடிதம், அதற்கு வந்த மறுமொழி, அக்காலத் துண்டுப்பிரசுரம் ஆகியவை இசைக்குறிப்பளவு பெறுமதி வாய்ந்தவை. இதற்கும் எல்லை உண்டு. கலைஞரின் நோயும் குடும்பத் துயரமும் பொதுச்சொத்தல்ல. பொதுவெளியில் அவர் தொடுத்த வாதங்களே பொதுவெளிக்குரியவை. அதேவேளை, அவரது கடுஞ்சொல்லால் மனமுடைந்து இசையையே கைவிட்ட மாணவர் ஒருவர் இருப்பின், அவரது சாட்சியத்துக்கும் இடம் வேண்டும். மேதைமை அக்காயத்துக்கு நியாயமாகாது. அக்காயத்தைக் காட்டி மேதைமையை மறுப்பதும் முறையாகாது.

இறந்தவரைப் பற்றி நல்லதையே பேசவேண்டும் என்பது நாகரிகமான மரபு. முப்பத்தோராம் நாள் வரைக்கும் அம்மரபு காக்கப்படட்டும். அதன்பின்னர் நண்பர்கள் எழுதுகோலை எடுக்கவேண்டும். பாலச்சந்தரின் வீணையைக் கேட்ட இளைஞர் ஒருவர், இவர் ஏன் இத்தனை பேரோடு முரண்பட்டார் என்று இன்று வினவினால், விடைதேட ஏடுகள் இருக்கின்றன. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழ்ந்து மறைந்த கலைஞர்களைப் பற்றி அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வினாவை எழுப்பும்போது என்ன இருக்கும் என்பதை, இன்று அந்த ஒலிநாடாப் பெட்டிகளை வைத்திருப்பவர்களே முடிவு செய்கின்றனர்.