ஸ்நார்க்கலிங்: பாதுகாப்பு மீனுக்குத்தான், உங்க நுரையீரலுக்கு இல்லை!

1/ "கரையில இருந்துதானே டாக்டர் இறங்கப்போறோம், நடுக்கடலுக்கா போறோம்?" கிளினிக்கில் ஒரு அப்பா கேட்டார். 60 வயசைத் தாண்டியவர், பி.பி. மாத்திரை போடுறவர். அமெரிக்காவில் இருக்கும் மகன் ஹவாய்க்குக் கூட்டிட்டுப் போறாராம். முதல் இடம் ஹனௌமா விரிகுடா. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

2/ ஹனௌமா ஒரு பழைய எரிமலை வாய். ஒரு பக்கச் சுவர் உடைஞ்சு கடல் உள்ளே வந்துடுச்சு. பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் கரையோரம் குளம் மாதிரி இருக்கும். மாஸ்க்கை மாட்டி, வாயில் குழாயைக் கவ்வி, குப்புற மிதந்தாலே மீன் தெரியும்.

3/ 1967-லிருந்து அது பாதுகாக்கப்பட்ட பகுதி. மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தை மிதிக்கக் கூடாது, வாரத்துக்கு 2 நாள் மூடிடுவாங்க. அருமையான விதிகள். ஆனா "பாதுகாக்கப்பட்ட" என்ற அந்த வார்த்தை மீனுக்கும் பவளத்துக்கும்தான். அதைப் பார்த்து நமக்கும் ஆபத்து இல்லைன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் தப்பு.

4/ ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் நீரில் இறக்கும் சம்பவங்களில் ஸ்நார்க்கலிங்தான் முன்னணியில் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதே தீர்ப்பு: "நீச்சல் தெரியல, பயந்துட்டார், தண்ணி குடிச்சிட்டார்." செத்தவர் மேலேயே பழி. போதும், நிறுத்துங்க!

5/ இதுக்குன்னே ஹவாயில் நடந்த ஆய்வு வேற கதை சொல்லுது. பல சம்பவங்களில் பிரச்சினை வாய் வழியா போன கடல் தண்ணி இல்லை. நுரையீரலுக்குள்ளேயே திடீர்னு நீர் கோர்த்து, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைஞ்சிருக்கு.

6/ எப்படி? கழுத்தளவு நீரில் இறங்கினாலே கால்ல இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். அதோட ஒரு குழாய் வழியா மூச்சை இழுக்கணும். இழுக்க இழுக்க நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும். ரத்தக் குழாயில் இருக்கும் நீர் காற்றுப் பைக்குள் கசியும். பி.பி., இதயநோய் இருந்தா இது இன்னும் சுலபமா நடக்கும்.

7/ கொடுமை என்னன்னா, சத்தமே வராது. கை கால் உதறல், கூச்சல் எதுவும் இருக்காது. மூச்சு வாங்கும், பலம் போகும், குழப்பம் வரும், நினைவு தப்பும். பக்கத்தில் இருப்பவர் "மாமா மீன் பாக்குறாரு"ன்னு நினைச்சிட்டு இருப்பார்.

8/ "நான் சின்ன வயசுல கிணத்துல குதிச்சவன்"னு வராதீங்க. நீச்சல் தெரிஞ்சவங்களும் இப்படி இறந்திருக்காங்க. நீச்சல் கைக்கும் காலுக்கும்தான். நுரையீரலில் கோர்க்கும் நீரை அது நிறுத்தாது.

9/ என்ன செய்யணும்?
– பி.பி., இதயநோய் இருந்தா கிளம்பும் முன்பே உங்க டாக்டரிடம் கேளுங்க.
– நீண்ட விமானப் பயணம் முடிஞ்ச கையோட இறங்காதீங்க. இது இன்னும் நிரூபணம் ஆகலை, ஆய்வாளர்களின் சந்தேகம்தான். ஆனா ஓய்வு எடுத்தா நஷ்டம் இல்லை.
– கால் மணலில் ஊன்றும் ஆழத்திலேயே இருங்க. உயிர்காப்பாளர் கண் பார்வையை விட்டுப் போகாதீங்க.
– முகம் முழுக்க மூடும் மாஸ்க் வேண்டாம். ஆபத்துன்னா சட்டுன்னு துப்பிட முடியாது.

10/ காரணமில்லாம மூச்சு வாங்குதா? "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" கூடவே கூடாது. குழாயைத் துப்புங்க, மாஸ்க்கைக் கழட்டுங்க, நில்லுங்க. கால் எட்டலைன்னா மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்க. உடனே வெளியே வாங்க.

11/ பிள்ளைகளே, அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, சந்தோஷம். ஆனா அவங்களை மிதக்கவிட்டு நீங்க கரையில செல்ஃபி எடுக்காதீங்க. கைக்கெட்டும் தூரத்தில் கூடவே இருங்க. மீன் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

வெளிநாடு கிளம்பும் பெற்றோர் இருந்தா அவசியம் பகிருங்க.