வினாக்கொத்தில் இல்லாத கட்டம்

வன்னிக்கு ஆய்வு செய்யச் செல்வோரின் வினாக்கொத்துகளில் 'விவாக நிலை' என்றொரு கேள்வி இருக்கும். திருமணமானவர், ஆகாதவர், விதவை என்று கட்டங்கள் இருக்கும். 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் கையளித்த பெண் எந்தக் கட்டத்தில் அடையாளமிடுவார்? விதவை என்று குறித்தால், தாம் தேடிக்கொண்டிருப்பவரைத் தம் கையாலேயே கொன்றதாக அவர் மனம் பதறாதா?

கிளிநொச்சியில் இத்தகைய குடும்பத்தினர் 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் சொன்னார்கள். 2014இல் பரணகம ஆணைக்குழுவிடமும் சொன்னார்கள். பதில் கிடைக்காமல் 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கினார்கள். இவர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெற்றுவிட்டால் ஆய்வாளரின் கடமை முடிந்துவிடுமா?

பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட வன்னி ஆய்வில் தனிமனிதரின் நோயை மட்டும் பார்க்கவில்லை. குடும்பமும் ஊரும் சிதைந்ததைக் 'கூட்டு மனவடு' என விளக்கினார். சமூகப்பணி மாணவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

கேள்விகளை முதலில் அவ்வூர்ப் பெண்களுடன் அமர்ந்து திருத்துங்கள். 'பேச விருப்பமில்லை' என்பதையும் விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். துயரைக் கிளறிவிட்டு இடைநடுவில் எழுந்து வராதீர்கள். முடிவுகளைத் தமிழில் எழுதி, அவர்களிடமே கொண்டுசென்று வாசித்துக் காட்டுங்கள். இல்லையேல் உங்கள் ஆய்வும் அவர்களுக்கு இன்னோர் ஆணைக்குழுவே.