தராசு யார் கையில்? – ஒரு வாசகனின் புத்தகக் குறிப்புகள்

'தலித் எழுத்தில் கோபம் இருக்கு, கலை இல்லை' – இந்தத் தீர்ப்பை எத்தனை தடவை கேட்டாச்சு! தீர்ப்புச் சொல்ற ஆளு யாரு, அவர் கையில் இருக்கிற தராசு யாருடையது என்று கேட்டால், 'அரசியல் பேசாதீங்க, இலக்கியம் பேசுங்க' என்கிறார்கள். சரி, இலக்கியமே பேசுவோம். நான் விமர்சகன் இல்லை, வாசகன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: அடி வாங்கினவனுக்கு இதில் வாய் இருக்கா?

குருதிப்புனல் (1975): இந்திரா பார்த்தசாரதிக்கு 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கித் தந்த நாவல். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். நாவலோ பண்ணையாரின் ஆண்மைக்குறைவில் போய்க் காரணம் தேடுகிறது. நிலமும் நெல்லும் கூலியும் பின்னுக்குப் போய்விட்டன. படித்து முடித்தால் கொன்றவன் மனசுதான் ஞாபகத்தில் நிற்குது. செத்தவங்க முகம் நிற்கலை. பரிசு கொடுத்தவர்கள் இதையா கலை என்றார்கள்?

தோட்டியின் மகன் (1947): தகழி மலையாளத்தில் எழுதியது, தமிழில் சுந்தர ராமசாமி. ரெண்டு பேருமே சேரிக்காரர்கள் இல்லை. இருந்தாலும் ஆலப்புழைத் தோட்டிகளுக்கு இதில் வாய் இருக்கு. தன் பிள்ளை மலவாளி தூக்கக் கூடாது என்று காசு சேர்க்கிற சுடலைமுத்து, அதற்காகக் கூட்டாளிகளையே காட்டிக்கொடுக்கிறான். கடைசியில் மகனும் தோட்டிதான். தனியாளாத் தப்பிக்க வழி கிடையாது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழிக்குள் சாவு நிற்கவில்லை. பழைய புத்தகம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

கருக்கு (1992): பாமாவின் மொழி கொச்சையாம். மேல்தெருத் திண்ணையில் பேசினா மண்வாசனை, சேரியில் பேசினா கொச்சையா? கன்னியர் மடத்துச் சுவருக்குள்ளும் சாதி குடியிருப்பதை இந்தக் 'கொச்சை'தான் வெளியே இழுத்துப் போட்டது.

பழையன கழிதலும் (1989): சிவகாமி நம்ம தலைவரையே கூண்டில் ஏத்துகிறார். அடிபட்டு நியாயம் கேட்டு வருகிற தங்கத்துக்காகக் காத்தமுத்து வாதாடுகிறார். பிறகு அவள் காசையும் உடம்பையும் அவரே எடுத்துக்கொள்கிறார். மேடையில் விடுதலை, வீட்டுக்குள்ளே ஆண்டை! தோழர்கள் ரெண்டு தடவை படிக்கணும்.

கோவேறு கழுதைகள் (1994): இமையத்தின் இந்த நாவலைப் பார்த்து நம்ம பக்கத்திலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. பறையர் தெருவுக்குத் துணி வெளுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கிற வண்ணாத்தி ஆரோக்கியத்தின் கதை. 'எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா?' என்றார்கள். ஆரோக்கியத்தின் வாயை அடைத்துவிட்டு யாருக்கு விடுதலை? சாதி ஒவ்வொருத்தனுக்கும் மிதிக்க ஒரு ஆளைக் கீழே கொடுத்து வைத்திருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு சாதி ஒழிப்புப் பேச முடியாது.

சாதி ஒழிப்பு (1936): லாகூர் மாநாட்டுக்கு அம்பேத்கரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டது ஜாத்-பாத்-தோடக் மண்டல். உரையைப் பார்த்ததும் மிரண்டுபோய், சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாட்டையே நிறுத்திவிட்டார்கள். சொந்தக் காசில் 1500 பிரதி அச்சடித்தார். 'சூட்டைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்க' என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்கிற பத்திரிகை ஆசிரியர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

தோழர்களே, தராசை அவங்க கையிலிருந்து பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கின பிறகு நம்ம சரக்கையும் அதே தராசில் போடணும். நம்மாளு எழுதினது என்பதற்காகக் கைதட்டினால், தலித் பெண்ணுக்கும் புதிரை வண்ணாருக்கும் நாமே மேல்சாதி ஆகிவிடுவோம். மாணவர் விடுதி நூலகத்தில் இந்த ஆறும் இருக்கா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்து வாங்க வையுங்கள். படியுங்கள், சண்டை போடுங்கள், நான் சொன்னது தப்பென்றால் எழுதுங்கள்.