பட்டாவில் இல்லாத பாகூர்

புதுச்சேரியை வைத்து எழுதிய கதை என்றதும் நண்பர்கள் பலருக்கும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கடற்கரைச் சாலையும்தான் ஞாபகம் வருகிறது. நான் பாகூர் கொம்யூன்காரி. எங்கள் சேரியிலிருந்து அந்தக் கடற்கரைக்கு பஸ்ஸில் போனால் வழியில் கொஞ்சம் தமிழ்நாடு, கொஞ்சம் புதுச்சேரி என்று மாறி மாறி வரும். அந்த வழியை எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை.

என் ஆயா பெண்ணையாற்றுக்கு அந்தண்டையிலிருந்து, கடலூர்ப் பக்கமிருந்து, வாக்கப்பட்டு வந்தவள். பாகூர் ஏரிப் பாசனத்தில் ஐம்பது வருஷம் நடவு நட்டவள். சர்வே எண் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளிடம் வேறு கணக்கு இருக்கிறது. நடவுக்குப் போன இடத்தில் வலி வந்து மகனைப் பெற்றது "ஒங்கப்பன் பொறந்த வரப்பு". கூடுதலாக ஒரு மரக்கால் நெல் கேட்டு அடி வாங்கியது "கூலி கேட்ட களம்". இப்படி முப்பது, நாற்பது இடம் சொல்வாள். எல்லாமே அடுத்தவர் பட்டாவில் இருக்கின்றன.

கல்லூரியில் சேர்வதற்காக நான் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோதுதான் இந்தக் கணக்கின் மதிப்பு தெரிந்தது. 1964 மார்ச் 5இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகளை வகுத்தது. அதை வைத்துத்தான் இங்கே பூர்வீகம், குடிபெயர்ந்தவர் என்று நம்மையே இரண்டாகப் பிரிக்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன் குடும்பம் இங்கே வசித்ததற்கு ஆவணம் கேட்டார் ஓர் அதிகாரி. தாத்தா படியாள். எந்தப் பண்ணையில் இருந்தாரோ அதுதான் அவருக்கு ஊர். பண்ணைக்காரருக்கோ எல்லைக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. "ஏரி தளும்பி ஊருக்குள்ள தண்ணி வந்த வருசத்துக்கு அடுத்த தையில நான் இங்க வந்தேங்க" என்றாள் ஆயா. அதிகாரி சிரித்துவிட்டு, ஞாபகத்தையெல்லாம் எழுதிக்கொள்ள முடியாது, காகிதம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்.

நினைவு, நிலம், அடையாளம் என்று இலக்கியக் கூட்டங்களில் அழகாகப் பேசுகிறோம். எங்களுக்கு இந்த மூன்றும் ஒரே மேசையில், ஒரே விண்ணப்பத்தில் வந்து நிற்கின்றன.

காகிதம் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். காகிதத்துக்கு முன்பே செம்பு இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ அரசன் நிருபதுங்கன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைப் பாகூர் செப்பேடு சொல்கிறது. பள்ளிப் பாடத்தில் இதைப் பெருமையாகப் படித்தோம். கல்விக்கு ஊரைக் கொடுத்தார்களாம். அந்தக் கல்வி யாருக்கு, அந்த ஊர்களில் சேற்றில் நின்றது யார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அதிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு துபாஷின் கண் அது. அதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு பெரிய நாவல்களை எடுத்தார் பிரபஞ்சன். இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதிகாரத்தைக் கேள்வி கேட்ட எழுத்தாளர்தான் அவர், மறுக்கவில்லை. ஆனால் ஆதாரம் துபாஷின் வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்டதாக இருந்தால் கதையும் பெரும்பாலும் அந்தத் திண்ணையிலிருந்துதான் தெருவைப் பார்க்கும். வில்லியனூரையும் பாகூரையும் சேரியிலிருந்து பார்த்த நாட்குறிப்பு ஏது?

வில்லியனூர்ப் பக்கம் கீழூருக்குப் போனால் நினைவிடம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய ஓட்டுப் போட்ட இடம். அன்று பக்கத்து வயலில் வேலை நடந்திருக்கும் அல்லவா? கொடி மாறியதை நாற்றுக்கட்டோடு நின்று பார்த்தவளுக்கு அன்று கூலி மாறியதா? இதைக் கேட்க ஆவணம் தேவையில்லை, ஒரு நாவல் போதும். இன்னொன்றும் கிடக்கிறது. 1881 செப்டம்பர் 21இல் வந்த பிரெஞ்சு ஆணை, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரவும் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவும் வழி திறந்தது. சேரியிலிருந்து பலர் போனார்கள். பழைய பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வீடு திரும்பியவனை மறுநாள் ஊர்த்தெரு எந்தப் பெயரால் கூப்பிட்டது? எனக்கு நாவல் எழுதும் தெம்பிருந்தால் இங்கேதான் தொடங்குவேன்.

பாமாவின் 'கருக்கு' (1992) ஊரின் அழகைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. மலைகளைப் பேர் சொல்லி அறிமுகம் செய்துவிட்டு, எந்தத் தெருவில் எந்தச் சாதி என்று நடந்துகொண்டே காட்டுகிறது. அங்கே நிலக்காட்சியே சாதியின் வரைபடம். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்திலிருந்து இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதி, சேரிக்கும் கீழே வைக்கப்பட்ட வண்ணார் குடும்பத்தைக் காட்டினார். அதன் மேல் நடந்த சண்டை நல்ல சண்டை. நம் கதை நம்மையும் கேட்க வேண்டும் என்ற பேச்சு அப்போது வலுத்தது. பூர்வீகம், குடிபெயர்ந்தவர் என்று நாமே ஒருவரையொருவர் தள்ளுவதை இங்கே யார் எழுதப் போகிறோம்?

'தலித் எழுத்து என்றால் சாட்சியம், நடந்ததை அப்படியே சொல்லுங்கள் போதும்' என்று சில முற்போக்கு நண்பர்கள் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. மற்றவர்களுக்குக் கற்பனை, நமக்கு வாக்குமூலமா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கேட்டதும் அதைத்தானே.

நானும் அந்தத் தவறைச் செய்தேன். ஆயாவை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். வரப்பில் பிரசவம், களத்தில் அடி, கடைசியில் கண்ணீர். படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "ஏண்டி, நான் அழுதுகினே இருந்தனா?" என்றாள். கலிங்கல் பக்கம் ராத்திரியில் பெண்களாகச் சேர்ந்து ஏரியில் இறங்கி மீன் பிடித்ததையும், காவலுக்கு வந்தவனைச் சேற்றில் தள்ளிவிட்டு ஓடியதையும் அதற்குப் பிறகுதான் சொன்னாள். இருபத்தைந்து வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாத ஆயா.

இப்போது அப்பா பிறந்த வரப்பு இல்லை. மனை போட்டு, கல் நட்டு, கலர் கொடி கட்டிவிட்டார்கள். போன மாதம் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு கல்லுக்கு நடுவில் போய் நின்று, "இங்கதான்" என்றாள். மூன்றாவது முறையாகக் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தினமும் சாயந்திரம் ஆயா ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், மீன் பிடித்ததைச் சேர்த்தாச்சா என்று.