வேம்பின் பொந்தும் எங்கள் அவசரமும்

தெருமுனை வேப்பமரத்தை வெட்டியதற்குத் தேனீக்களைக் காரணம் சொன்னோம். அவை குடியேறிய பொந்தை உண்டாக்கியதே நாங்கள்தான். மின்கம்பியில் உரசுகிறது என்று ஒரு பெரிய கிளையைப் பாதியில் வெட்டி முறித்துவிட்டோம். பட்டை உரிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, உள்மரம் உளுத்து, வருடக்கணக்கில் ஒரு வீடே உருவாயிற்று. குடி வந்த பிறகுதான் பதறினோம்.

வந்தது என்ன தேனீ என்றுகூட யாரும் பார்க்கவில்லை. உயரமான கிளையிலும் மாடி விளிம்பிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பருவம் முடிந்தால் தானே கிளம்பிவிடும். பொந்துக்குள் வரிசையாகப் பல அடை கட்டுவது அடுக்குத்தேனீ. மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில் வளர்க்கிறார்களே, அதே இனம். சீண்டாதவரை தன் வேலையைப் பார்க்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்லெறிந்ததை மறைத்துவிட்டு, கொட்டியதை மட்டும் ஊரெல்லாம் சொன்னோம்.

மரத்தைத் தொடாமலே அவற்றை இறக்கலாம். பொந்தின் வாய் கை நுழையும் அளவு இருந்தால், இலேசாகப் புகை காட்டி அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, புழு உள்ள அடையைச் சட்டத்தில் வாழைநாரால் கட்டுவார்கள். ராணியைப் பிடித்துப் பெட்டியில் விட்டால் மற்றவை பின்னால் வரும். வாய் குறுகலென்றால் மற்ற ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்து, கம்பிவலைக் கூம்பு ஒன்றை வாயில் பொருத்த வேண்டும், குறுகிய நுனி வெளியே பார்க்க. வெளியே போன தேனீ திரும்ப நுழைய முடியாமல் பக்கத்தில் வைத்த பெட்டியில் ஏறிக்கொள்ளும். அதில் முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை இருந்தால் புது ராணியையும் வளர்த்துக்கொள்ளும். குறையில்லாத வழி என்று சொல்வதற்கில்லை. பழைய ராணி பெரும்பாலும் உள்ளேயே மடியும்; அடுக்குத்தேனீ பெட்டி பிடிக்காமல் ஓடிப்போவதும் உண்டு. உள்ளே இட்ட முட்டை தேனீயாக மூன்று வாரம் ஆகும். அதுவரை, அதற்கு மேலும், கூம்பை எடுக்கக் கூடாது.

அந்தப் பொறுமைதான் எங்களிடம் இல்லை. ராத்திரியில் பூச்சிமருந்து ஊற்றினோம். காலையில் மரத்தடியில் குவிந்து கிடந்ததைப் பெருக்கித் தள்ளினோம். காவலில்லாத அடைகள் சரிந்து, தேன் பட்டை வழியே ஒழுகிப் புளித்து நாறியது, எறும்பு மொய்த்தது. அடுத்த பருவத்தில் பழைய மெழுகு வாசம் பிடித்து இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. பொந்தின் வாயில் ஒரு துண்டு வலை அடித்திருந்தால் வந்திருக்காது. அப்புறம்தான் ரம்பம்.

தேனீ வளர்க்கிறவர் ஒருவர் முன்பே வந்து பார்த்திருந்தார். பெட்டி விலையும் பஸ் செலவும் கேட்டார். அது அதிகம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நெடுநேரம் வாதாடினோம். மரம் வெட்டும் கூலிக்கு யாரும் வாய் திறக்கவில்லை. விறகை எடுத்துக்கொள்கிறேன் என்று வெட்டியவர் கொஞ்சம் குறைத்ததில் எங்களுக்குச் சந்தோஷம் வேறு.