ஆச்சியும் எந்திரக் குட்டியும்

பாலாநகரில் லேத் பட்டறைகள் இரையும் தெருவொன்றில், எங்கள் எதிர்வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்தவர். நாற்பது ஆண்டுகள் சந்தையில் தெலுங்கில் பேரம் பேசியவர். இன்று மறதி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. முதலில் போனது நேற்றைய நிகழ்ச்சி. பின்னர்ப் பேரன் பெயர். இப்போது தெலுங்கும் போயிற்று. எஞ்சி நிற்பது தாமிரபரணிக் கரைத் தமிழ் ஒன்றே. பார்த்துக்கொள்ள வரும் பெண்ணோ தமிழ் அறியாதவள். நல்லவள்தான், ஆனால், "ஏளா, தண்ணி கொண்டா" என்று ஆச்சி கேட்டால் போர்வையைக் கொண்டு வருகிறாள்.

"அண்ணே, ஜப்பானில் இதற்கென்று ரோபோ இருக்கிறதாம். வாங்கினால் என்ன?" என்று கேட்டான் ஆச்சியின் பேரன், பொறியியல் மாணவன்.

அவன் சொன்னது 'பாரோ' என்னும் கடல்நாய்க் குட்டி. ஜப்பானிய அறிஞர் தகனோரி ஷிபாட்டா 1993-இல் தொடங்கிய முயற்சியின் விளைவு. வெண்மயிர் போர்த்த அதன் எடை ஏறக்குறைய 2.7 கிலோ, கைக்குழந்தையின் கனம். தடவினால் கண் சிமிட்டும், அழைத்தால் தலை திருப்பும், முனகும், பேசாது. கடல்நாயைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. பொம்மைப் பூனையைத் தந்தால் உண்மைப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை காண்போம். கடல்நாயை மடியில் வைத்துக் கொஞ்சியவர் நம்மில் யார்? 2009-இல் அமெரிக்க அரசு இதனை மருத்துவக் கருவியாகவே ஏற்றது.

பயன் உண்டா? உண்டு. ஆனால், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 28 காப்பகங்களில் 415 முதியோரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வை ஊன்றிப் படித்தல் வேண்டும். ஒரு சாராருக்கு இயங்கும் பாரோவையும், மற்றொரு சாராருக்கு விசை நிறுத்திய அதே பொம்மையையும் தந்தனர். மூன்றாம் சாராருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டுமே. இயங்கும் குட்டியிடம் முதியோர் மிகுதியாகப் பேசினர், மிகுதியாக நோக்கினர். மனநிலையிலும் பதற்றத்திலும் வெறும் பராமரிப்பைவிட அது மேலாகவே நின்றது. ஆனால், பேச்சும் பார்வையும் தவிர, மற்றவற்றில் அது இயங்காத பொம்மையை வெல்லவில்லை! அமெரிக்காவில் அதன் விலையோ ஏறத்தாழ 6,000 டாலர். நம் பணத்தில் ஐந்து இலட்சத்தைத் தொடும்.

உயிரில்லாததை உயிருள்ளதென்று நம்பவைப்பது ஏமாற்று என்பர் சிலர். எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. துணிச்சுருளைப் பிள்ளையென்று தாலாட்டும் முதியவளிடம் வழக்காடுவார் உண்டோ? பொம்மையை மடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவரை எண்ணித்தான் அஞ்சுகிறேன். நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் 88 இலட்சம் பேருக்கு இந்நோய் உண்டென்று 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அத்தனை கதவுகள்!

எந்திரமே வேண்டாமா? அப்படிச் சொல்லேன். 2017 நவம்பரில் இதே ஹைதராபாத்தில் உலகத் தொழில்முனைவோர் மாநாட்டில் பிரதமரை வரவேற்ற ரோபோ 'மித்ரா', பெங்களூரில் பிறந்தது. அந்த வரவேற்பு வெறும் வேடிக்கை. ஆனால் 2020-இல், கொரோனாக் காலத்தில், நொய்டா மருத்துவமனையொன்றில் அது நோயாளிகளை வீட்டாரோடு பேசவைத்தது. அது வேலை! மனிதரை மனிதரோடு சேர்த்த வேலை.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: 1968 முதல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இயங்கும் ஊர் உன் ஊர். தெருவெங்கும் பட்டறைகள். ஆச்சி இரவில் எழுந்து வாசலைத் திறந்தால் மணி அடிக்கும் கருவியொன்று செய். பணிப்பெண்ணின் முதுகு நோகாமல் அவரைத் தூக்கி அமர்த்தும் நாற்காலி செய். கொஞ்சுவதை நாம் பார்த்துக்கொள்வோம்.

மணி செய்துவிட்டான், நாற்காலி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆச்சி சொல்லும் முப்பது சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி, எதிரே பொருளும் குறித்து, அடுக்களைக் கதவில் ஒட்டினேன். இப்போது தண்ணீர் கேட்டால் தண்ணீர் வருகிறது. ஆயினும் ஆச்சிக்குப் பேச்சுத்துணை வேண்டும். தெற்கத்தித் தமிழ் பேசுவோர் நம் விடுதியிலேயே பதின்மருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறேன், யார் வருகிறீர்கள்?