எழுத்தெண்ணிப் படிப்போம்

உயிரியல் பயிலும் மாணவனுக்கு நிரல் எழுதும் வேலை எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். "அது கணிப்பொறித் துறையார் பாடாயிற்றே!" என்பது அவர்தம் வாதம். நான் இதனை மறுக்கின்றேன். மரபணு எழுத்துகள் அடங்கிய கோப்பு ஒன்றைத் திறந்து, பிரித்து, வரிசைப்படுத்தும் சிறு நிரலையேனும் விலங்கியல், தாவரவியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் ஒருமுறை எழுதியாக வேண்டும் என்பது என் துணிபு.

அப்படி என்னதான் இருக்கின்றது அக்கோப்பில்? பெரும்பாலும் அது ஃபாஸ்டா என்னும் வடிவில் கிடைக்கும். 1980-களில் லிப்மன், பியர்சன் என்னும் அறிஞர் இருவர் ஆக்கிய தேடு நிரலோடு பிறந்த வடிவம் அது. கணக்கில் 'பெரிது' என்று காட்ட இடுகிறோமே, அந்தக் குறியோடு தொடங்கும் வரி தலைப்பு. அடுத்த தலைப்பு வரும்வரை உள்ளவை ஏ, சி, ஜி, டி என்னும் எழுத்துகள். அவ்வளவே! கோவிட் நோய் தந்த நச்சுயிரியின் ஒப்புநோக்குப் படியில் 29,903 எழுத்துகள். (அது ஆர்.என்.ஏ. கொண்டதாயினும் கோப்பில் யு-வுக்கு டி என்றே எழுதுவது வழக்கம்.) வரிக்கு 70 எழுத்தாக அடுக்கினால் 428 வரிகள்.

தொடக்க நிலையில் எழுதும் நிரல் இவ்வாறு செல்லும்: வரி வரியாகப் படி, தலைப்பு வந்தால் அதுவரை சேர்த்ததை முடித்து வை, இல்லையேல் எழுத்துகளை முன்னவற்றோடு ஒட்டு. பதினைந்து வரிகளில் அடங்கிவிடும். ஆனால் அதற்குள் எத்தனை பள்ளங்கள்! கடைசித் தொடருக்குப் பின் தலைப்பு ஏதும் வராது. அதனை முடித்து வைக்கத் தனியே சொல்லாவிடில் ஓசையின்றி விடுபட்டுப் போகும். விண்டோசில் சேமித்த கோப்பாயின் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குப் புலனாகாத குறி ஒன்று கூடுதலாக இருக்கும். அதனையும் எண்ணினால் 29,903 என்பது 30,331 ஆகிவிடும். நீளத்தை எண்ணாகக் கொள்ளாது எழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்தினால் 999-க்கு முன்னே 1000 வந்து நிற்கும். குரோமோசோம்களோ 1, 10, 11 என்று ஓடி, 19-க்குப் பிறகுதான் 2 தலைகாட்டும். கோப்பை அப்படியே வரி வரியாக வரிசைப்படுத்திவிட்டாலோ, தலை ஓரிடம், உடல் ஓரிடம்!

இவற்றில் எதற்கும் கணிப்பொறி பிழையென்று கூவுவதில்லை. விடை ஒன்று வந்துவிடும். அது அழகாகவும் இருக்கும். அதுதான் அச்சமூட்டுகின்றது.

மாணவர் செய்யும் சிறு தவறு என்று இதனை ஒதுக்க வேண்டா. மார்ச்1, செப்ட்2 என்ற பெயருடைய மரபணுக்களை எக்செல் நாள்களென்று கருதித் தேதியாக மாற்றிவந்தது. எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை உண்டென்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இறுதியில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்! செப்ட்2 செப்டின்2 ஆயிற்று. மென்பொருளுக்கு அஞ்சி மனிதன் மரபணுவின் பெயரை மாற்றிய விந்தையை என்னென்பது?

"பயோபைத்தான் போன்ற ஆயத்தத் தொகுப்புகள் இருக்க, நாம் ஏன் மாரடிக்க வேண்டும்?" என்று நண்பர்கள் வினவுகின்றனர். நியாயமான வினாவே. ஆய்வுக்கு அவற்றையே கையாள வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆயின், மருத்துவ ஆய்வகங்களில் பொறியே இரத்த அணுக்களை எண்ணும் காலத்திலும் நாம் நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணிப் பழகுகின்றோம் அல்லவா? பொறி சொல்லும் எண் பொருந்துமா பொருந்தாதா என்று ஐயுறும் கண் அதனால்தான் வாய்க்கின்றது. நச்சுயிரிக் கோப்பில் ஏ 8,954, டி 9,594, ஜி 5,863, சி 5,492. கூட்டினால் 29,903 வரவேண்டும். வராவிடில் ஏன் வரவில்லை என்று தேடும் ஒரு மணி நேரம், அச்சிட்ட பாடம் பத்துப் பக்கத்தினும் மேல்.

நம் பேராசிரியர்கள் செய்முறை வகுப்பில் இதற்கென இரண்டு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். ஒரு கணிப்பொறியை நால்வர் பகிர்ந்தாலும் போதும். முதற் கோப்பாக ஃபை-எக்ஸ் 174 என்னும் நச்சுயிரியைத் தரலாம். 77 வரிகளுக்குள் முடிந்துவிடும். சாங்கர் குழுவினர் 1977-இல் அதன் நீளம் ஏறத்தாழ 5,375 என்று வெளியிட்டு, மறு ஆண்டே 5,386 என்று திருத்தினார்கள். மாணவரின் நிரல் எந்த எண்ணைத் தருகின்றதென்று பார்த்துவிடலாம்.